அறுந்த நூலைத் தேடுவோம்



ஞாயிற்றுக்கிழமை மாலை என்பது திருப்பூர்க்காரருக்கு வாரத்தில் கிடைக்கிற ஒரே மூச்சு. துணி துவைக்க வேண்டும், காய் வாங்கப் போக வேண்டும், ஊரில் இருக்கிற அம்மாவுக்குப் போன் போட வேண்டும். அத்தனையையும் ஒதுக்கி வைத்துவிட்டு இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்கள் நேரத்தின் விலை எனக்குத் தெரியும். நான் மருத்துவன் அல்ல. அறிவியலைத் தமிழில் எழுதுகிறவன். அதற்கும் முன்னால், பனியன் கம்பெனியில் பிசிர் வெட்டிய ஒரு தாயின் மகன். அந்த உரிமையில்தான் பேச வந்திருக்கிறேன். நான் பேசப் போவது வலியைப் பற்றி.

எந்த வலி? குறுக்கு வலி. கழுத்து வலி. நின்று நின்று வீங்கிய காலின் நோவு. மாதத்தில் மூன்று நாள் அடிவயிற்றைப் பிசைகிற வலி. ராத்திரி தூக்கத்தில் எழுப்பிவிடுகிற கை மதமதப்பு. இந்த அரங்கில் இவற்றில் ஒன்றையாவது அறியாதவர் எத்தனை பேர்? அறிந்தவர்கள் கை தூக்குங்கள் என்றால் தூக்குகிற கையே சிலருக்கு வலிக்கும்.

நிட்டிங் கம்பெனிக்குள் போனவர்களுக்கு ஒரு காட்சி பழக்கம். வட்ட மெஷின் சுற்றிக்கொண்டே இருக்கும். மேலே கோன் கோனாக நூல் இறங்கும். கீழே துணி உருண்டுகொண்டே வரும். எங்கோ ஒரு நூல் அறுந்துவிட்டால்? மெஷின் தானாக நின்றுவிடும். சிவப்பு விளக்கு எரியும். ஆபரேட்டர் ஓடி வருவார். எந்த நூல் அறுந்தது என்று பார்ப்பார், இணைப்பார், அதன் பிறகுதான் மெஷினை ஓட்டுவார். விளக்கு கண்ணை உறுத்துகிறது என்று பல்பைக் கழற்றிவிட்டு ஓட்டுகிற ஆபரேட்டரை யாராவது பார்த்ததுண்டா? அப்படி ஓட்டினால் துணியில் ஓட்டை விழும். ரோல் முழுக்கப் பாழாகும். முதலாளி விடுவாரா?

நம் உடம்புக்குள்ளும் அப்படி ஒரு விளக்கு இருக்கிறது. அதன் பெயர்தான் வலி. அந்த விளக்கு எப்படி எரிகிறது? விளக்கே இல்லாதவர் கதி என்ன? நூல் அறாமலே எரிகிற விளக்கை என்ன செய்வது? எரிகிற விளக்கின்மேல் துணியைப் போட்டு மூடினால் என்ன ஆகும்? இந்த நான்கு கேள்விகளோடு இன்றைக்கு உங்களை அழைத்துச் செல்கிறேன்.

முதல் கேள்வி. விளக்கு எப்படி எரிகிறது?

பவர் டேபிளில் உட்கார்ந்தவர்களுக்கு விரலில் ஊசி ஏறிய அனுபவம் இருக்கும். நிமிடத்துக்கு 5,000 தையலுக்கு மேல் ஓடுகிற மெஷின். கண் இமைக்கும் நேரம், ஊசி நகத்தைத் துளைத்து இறங்கிவிடும். அந்த நொடியை நினைத்துப் பாருங்கள். முதலில் ‘சுரீர்’ என்று ஒன்று. கை தானாகவே பின்னால் வந்துவிடும். சற்றுப் பொறுத்து, ‘விண் விண்’ என்று தெறித்துக்கொண்டு இன்னொன்று. ஒரே ஊசி, ஏன் இரண்டு வலி?

ஏனென்றால் விரலிலிருந்து தண்டுவடத்துக்கு இரண்டு வகை நரம்பு இழைகள் போகின்றன. ஒன்று, மேலுறை போட்ட இழை. அதில் செய்தி நொடிக்கு 5 மீட்டருக்குக் குறையாமல் பாய்கிறது. மற்றது மேலுறை இல்லாத மெல்லிய இழை. அதில் செய்தி நொடிக்கு 2 மீட்டரைத் தாண்டுவதில்லை. நாம் நடக்கிற வேகம்தான். முதல் செய்தி ‘கையை எடு’ என்கிறது. இரண்டாவது செய்தி ‘கையைப் பார், ஓய்வு கொடு’ என்கிறது. முதல் செய்திக்கு நாம் உடனே பணிந்துவிடுகிறோம். இரண்டாவது செய்தியைத்தான் துணியைச் சுற்றி அடக்கிவிட்டு, மறுபடி பீஸைக் கையில் எடுக்கிறோம்.

சரி, அந்த நரம்பு நுனியில் செய்தி எப்படிப் பிறக்கிறது? இதற்கு விடை தேடிய விஞ்ஞானி பிடித்துக்கொண்ட பொருள் நம் சமையலறையில் இருக்கிறது. மிளகாய்! அமெரிக்காவில் டேவிட் ஜூலியஸ் என்பவர், மிளகாய் ஏன் எரிகிறது என்று கேட்டார். மிளகாயில் நெருப்பா இருக்கிறது? இல்லையே. ஆனாலும் நாக்கு ‘சுடுகிறது’ என்று கத்துகிறதே, ஏன்? மிளகாய்க்கு மசியாத செல்களுக்குள் நரம்பின் மரபணுத் துணுக்குகளை ஒவ்வொரு தொகுதியாகச் செலுத்திப் பார்த்தார்கள். பீஸ் பீஸாகச் செக்கிங் செய்வது போல. எந்தத் துணுக்கு நுழைந்தால் செல் மிளகாய்க்குத் துடிக்கிறது? 1997இல் அது கிடைத்தது. நரம்பு நுனியில் ஒரு சிறு வாசல். மிளகாய்ச் சாறு பட்டாலும் திறக்கும். 43 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூடு பட்டாலும் திறக்கும். வாசல் ஒன்று என்பதால் மூளை இரண்டையும் ‘சூடு’ என்றே படிக்கிறது. அழுத்தத்தை உணர்கிற வேறு வாசல்களை ஆர்டெம் படபூட்டியன் கண்டுபிடித்தார். இருவருக்கும் 2021இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. ரசத்துக்குக் கிள்ளிப் போடுகிற மிளகாய், நோபல் மேடை வரைக்கும் ஏறியது!

செய்தி தண்டுவடத்துக்கு வந்துவிட்டது. அங்கிருந்து நேராக மூளைக்குப் போய்விடுமா? போகாது. அங்கே ஒரு கதவு இருக்கிறது என்று 1965இல் சொன்னார்கள் இருவர். கனடாவின் ரொனால்ட் மெல்சாக், இங்கிலாந்தின் பேட்ரிக் வால். குழந்தை ஓடி விழுந்து முட்டி பெயர்ந்து அழுகிறது. பாட்டி என்ன செய்கிறாள்? மடியில் போட்டு முட்டியைத் தேய்க்கிறாள், ஊதுகிறாள், ‘ஒண்ணுமில்ல கண்ணு’ என்கிறாள். அழுகை அடங்குகிறது. அது ஏமாற்று வேலையா? இல்லை. தேய்க்கும்போது தொடு உணர்வைக் கொண்டுபோகும் பருத்த நரம்புகள் தண்டுவடத்தில் அந்தக் கதவைச் சாத்துகின்றன. மெல்லிய நரம்பில் வரும் வலிச் செய்தி வாசலில் தடுக்கப்படுகிறது. அவர்கள் வரைந்த படத்தின் நுணுக்கங்கள் பின்னால் மாறின. ஆனால் கதவு என்ற கருத்து நிலைத்துவிட்டது.

அந்தக் கதவுக்கு மேலிருந்தும் ஒரு தாழ்ப்பாள் உண்டு. அது மூளையின் கையில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் இத்தாலியின் ஆன்சியோ கடற்கரையில் ஹென்றி பீச்சர் என்ற அமெரிக்க மருத்துவர் பார்த்தார். உடல் கிழிந்து வந்த வீரர்களில் பெரும்பாலோர் வலி மருந்து கேட்கவில்லை. ‘போர்க்களத்திலிருந்து உயிரோடு தப்பினேன்’ என்ற நினைப்பு வலியைத் தடுத்து நிறுத்தியது. இதைப் புரிந்துகொள்ள நாம் இத்தாலிக்குப் போக வேண்டாம். ஷிப்மென்ட் நாளை நினைத்துப் பாருங்கள். விடிய விடியப் பேக்கிங். யாருக்காவது அப்போது இடுப்பு தெரிகிறதா? லாரி கிளம்பின மறுநாள்தான், எழுந்திருக்க முடியாமல் குறுக்குப் பிடித்துக்கொள்கிறது. வலி தெரியவில்லை என்பதால் காயம் ஆகவில்லை என்று பொருளில்லை. இதை மனத்தில் வையுங்கள். திரும்பவும் இதற்கே வருவேன்.

இரண்டாவது கேள்வி. விளக்கே இல்லாதவர் கதி என்ன?

இதற்கு விடை காண நாம் கடல் தாண்ட வேண்டாம். நம் கொங்குச் சீமைக்குப் பக்கத்திலேயே கொல்லிமலை இருக்கிறது. அங்கே 1914இல் ஆங்கிலேயப் பாதிரியார் குடும்பத்தில் ஒரு குழந்தை பிறந்தது. பெயர் பால் பிராண்ட். மலைப்பிள்ளைகளோடு மரம் ஏறி வளர்ந்தவர். லண்டனில் மருத்துவம் படித்து, 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்தார். செங்கல்பட்டுத் தொழுநோய் இல்லத்துக்கு ஒருமுறை போனார். மடங்கிய விரல்கள், குறைந்த விரல்கள், புண்ணான பாதங்கள். தொழுநோய் வந்தால் சதை தானாக அழுகி விழும் என்று உலகமே நம்பிய காலம் அது. பிராண்ட் அதை அப்படியே ஏற்கவில்லை. ஏன் விழுகிறது என்று கேட்டார்.

ஒரு நாள் ஒரு கிடங்கின் துருப்பிடித்த பூட்டைத் திறக்க முயன்றார். சாவி திரும்பவில்லை. தொழுநோய் கண்ட ஒரு சிறுவன் வந்து, ‘நான் திறக்கிறேன்’ என்று சாவியைப் பிடித்துத் திருகினான். பூட்டு திறந்துவிட்டது. பிராண்டுக்கு வியப்பு. பெரியவனான என்னால் முடியாதது இந்தப் பையனால் எப்படி முடிந்தது? தரையில் ரத்தச் சொட்டுகளைப் பார்த்தார். சிறுவனின் விரலைப் பிடித்துப் பார்த்தார். சாவி சதையைக் கிழித்து எலும்பு வரை போயிருந்தது. அவனுக்குத் தெரியவே இல்லை!

அங்கே அவருக்கு விடை கிடைத்தது. அந்தக் கையை நோய்க்கிருமி நேராகத் தின்னவில்லை. கிருமி நரம்பைக் கெடுத்தது, நரம்பு கெட்டதால் வலி போனது, வலி போனதால் கை தன்னைத் தானே அழித்துக்கொண்டது. சுடுகிற பாத்திரத்தை அப்படியே தூக்கினார்கள். கல் குத்திய காலோடு மைல் கணக்கில் நடந்தார்கள். இரவில் எலி வந்து விரலைக் கடித்தபோதும் விழிக்கவில்லை. அதற்காக நோயாளிகளுக்குப் பூனை கொடுத்து அனுப்பினார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பிராண்டும் அவருடைய குழுவினரும் தசைநாண்களை மாற்றிப் பொருத்தி மடங்கிய விரல்களை நிமிர்த்தினார்கள். உணர்விழந்த பாதத்துக்கென்று வேலூரிலும் கரிகிரியிலும் பக்குவப்படுத்திய மெத்தென்ற எம்.சி.ஆர். ரப்பர் செருப்பை, இன்று சர்க்கரை நோயால் பாதம் மரத்துப் போனவர்களும் போடுகிறார்கள்.

பிராண்ட் தன் வாழ்க்கையில் நடந்த ஓர் இரவையும் எழுதியிருக்கிறார். இங்கிலாந்தில் நெடும் ரயில் பயணம் முடிந்து அறைக்கு வந்தார். குதிகாலில் உணர்வே இல்லை. ஊசியால் குத்தினார், தெரியவில்லை. தொழுநோய் தொற்றிவிட்டது என்று இரவெல்லாம் உறங்கவில்லை. விடிந்ததும் மறுபடி குத்தினார். வலித்தது! பயணத்தில் நரம்பு அழுந்தி மரத்திருந்தது, அவ்வளவுதான். அந்த வலிக்காக அவர் கடவுளுக்கு நன்றி சொன்னார். வலி வந்ததற்காக நன்றி சொன்ன மனிதர்! யாருக்கும் வேண்டாத பரிசு என்று பிற்காலத்தில் அவர் வலிக்குப் பெயர் வைத்தார்.

மூன்றாவது கேள்வி. நூல் அறாமலே எரிகிற விளக்கை என்ன செய்வது?

கை வெட்டுப்பட்டுப் போகிறது. காயம் ஆறிவிடுகிறது. ஆனால் இல்லாத கை வலிக்கிறது. இல்லாத விரல்கள் இல்லாத உள்ளங்கையில் நகம் பதிய இறுகுகின்றன. இதைப் பேய் என்பதா, பைத்தியம் என்பதா? இரண்டும் இல்லை என்று காட்டியவர் ஒரு தமிழர். 1951இல் பிறந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, அமெரிக்காவின் சான் டியேகோவில் ஆய்வு செய்த வி.எஸ். ராமச்சந்திரன்.

அவர் எடுத்துக்கொண்ட கருவி என்ன? பஞ்சு சுற்றிய ஒரு குச்சி. கையிழந்த இளைஞரின் கண்ணைக் கட்டிவிட்டுக் கன்னத்தைத் தொட்டார். ‘எங்கே தொடுகிறேன்?’ ‘கன்னத்தில். இல்லாத என் கட்டை விரலிலும்!’ மூளையில் உடம்பின் வரைபடம் இருக்கிறது. அதில் கைக்குரிய இடத்துக்கு அடுத்த வீடு முகத்துக்குரிய இடம். கையிலிருந்து செய்தி நின்றதும் பக்கத்து வீட்டுச் செய்தி அந்தக் காலி வீட்டுக்குள் நுழைந்திருக்கிறது. பிறகு 1990களின் நடுவில் ஒரு பெட்டியில் கண்ணாடியை நிறுத்தினார். நல்ல கையை உள்ளே விட்டுப் பார்த்தால், கண்ணாடியில் தெரிகிற பிம்பம் இழந்த கை திரும்ப வந்தது போல இருக்கும். நல்ல கையை விரித்தால் இழந்த கையும் விரிகிறது. ஆண்டுக்கணக்கில் இறுகிக் கிடந்த கை விரிந்துவிட்டது என்று சிலர் மகிழ்ந்தார்கள். எல்லோருக்கும் அது பலிப்பதில்லை. ஆனால் ஒரு பெரிய உண்மையை அந்த மலிவான கண்ணாடி காட்டிவிட்டது. வலியை இறுதியில் நெய்வது மூளை. நெய்ததை அதனால் பிரித்துப் போடவும் முடியும்.

கை இழந்தவர்களுக்கு மட்டுமா இது? மாதக்கணக்கில் முதுகு வலித்தால், தண்டுவடமே அந்த வலியைப் பழகிக்கொள்கிறது. சின்னத் தூண்டலுக்கும் பெரிய கூச்சல் போடுகிறது. கிளிஃபர்ட் உல்ஃப் என்ற ஆய்வாளர் 1983இல் இதைச் சோதனையில் காட்டினார். ஆகவே, ‘ஸ்கேனில் ஒன்றும் இல்லை, உனக்கு வலியே இல்லை’ என்று யாராவது சொன்னால் கலங்காதீர்கள். ஸ்கேன் சதையையும் எலும்பையும் எடுக்கும் படம். வலியை எடுக்கும் படம் அல்ல. உலக வலி ஆய்வுக் கழகம் 2020இல் திருத்தி வெளியிட்ட விளக்கத்தில், ஒருவர் வலிக்கிறது என்று சொன்னால் அதை மதிக்க வேண்டும் என்றே எழுதி வைத்திருக்கிறது.

இந்த நீண்ட நாள் வலிக்கு மருந்து என்ன? 2020ஆம் ஆண்டில் உலகில் 61.9 கோடிப் பேருக்குக் கீழ்முதுகு வலி இருந்தது என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2023 டிசம்பரில் அது வெளியிட்ட வழிகாட்டுதல், முறையான உடற்பயிற்சியையும், தன் வலியைத் தானே புரிந்துகொள்ளும் கல்வியையும் பரிந்துரைக்கிறது. நாம் காசு கொடுத்து வாங்கி மாட்டிக்கொள்கிற இடுப்பு பெல்ட்டை அது வழக்கமான சிகிச்சையாகப் பரிந்துரைக்கவில்லை!

இப்போது நான்காவது கேள்வி. நமக்கு மிக நெருக்கமான கேள்வி. எரிகிற விளக்கின்மேல் துணியைப் போட்டு மூடினால் என்ன ஆகும்?

மெடிக்கல் கடை வாசலில் நின்று ‘கை கால் வலிங்க, ஒரு செட் குடுங்க’ என்கிறோம். வெள்ளையில் ஒன்று, மஞ்சளில் ஒன்று, ரோஸில் ஒன்று. காகிதத்தில் மடித்துக் கொடுக்கிறார்கள். பெயர் தெரியாது. அளவு தெரியாது. இரண்டு மணி நேரத்தில் வலி போய்விடுகிறது. ஒன்றரை ஷிப்டும் ஓடிவிடுகிறது.

அந்த மாத்திரை என்ன செய்கிறது? 1971இல் ஜான் வேன் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி அதைக் கண்டுபிடித்தார். 1982இல் நோபல் பரிசு பெற்றார். அடிபட்ட இடத்தில் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் சுரக்கிறது. நரம்பு நுனியின் வாசலை அது இளக்கிவிடுகிறது. வெயிலில் வெந்த தோலில் வெதுவெதுப்பான தண்ணீர் பட்டாலும் எரிகிறதே, அதற்கு இதுவும் ஒரு காரணம். மாதவிடாயின்போது கருப்பையை இறுக்கிப் பிசைவதும் இதே பொருள்தான். ஆஸ்பிரின், இபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் போன்ற மாத்திரைகள் இந்தப் பொருளைச் சுரக்கவிடாமல் தடுக்கின்றன. வலி தணிகிறது. நல்லதுதானே?

நல்லதுதான், அளவோடு இருந்தால். ஆனால் அதே புரோஸ்டாகிளாண்டின் இரைப்பையின் உட்சுவரைப் புண்ணாகாமல் காக்கிறது. உடம்பில் தண்ணீர் குறையும்போது சிறுநீரகத்துக்கு ரத்தம் குறையாமல் பார்த்துக்கொள்கிறது. வலியைத் தடுக்கப்போன மாத்திரை இந்தக் காவலையும் சேர்த்துத் தடுத்துவிடுகிறது. இப்போது நம் பெண்களை நினைத்துப் பாருங்கள். அடிக்கடி பாத்ரூம் போனால் சூப்பர்வைசர் முறைப்பார் என்று தண்ணீரே குடிக்காமல் இருக்கிறவர்கள். அயர்னிங் டேபிளின் நீராவியில் வியர்த்துக் கொட்டுகிறவர்கள். காலையில் ஒரு டீயோடு வந்தவர்கள். அந்த வெறும் வயிற்றில், அந்தக் காய்ந்த உடம்பில், வாரத்துக்கு நான்கு மாத்திரை. சிறுநீரகம் எத்தனை நாள் தாங்கும்?

இதற்கு ஒரு சாட்சி வானத்தில் இருந்தது. நீலகிரி அடிவாரத்து மாயாற்றுப் பள்ளத்தாக்கில் இன்று பாறு கழுகுகளைத் தேடிப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஒரு காலத்தில் இந்த நாடெங்கும் வட்டமிட்ட பறவை. 15 ஆண்டுகளுக்குள் நூற்றுக்கு 95க்கும் மேல் மாண்டு போயின. ஏன்? மாட்டுக்கு வலி தீரப் போட்ட டைக்ளோஃபினாக், செத்த மாட்டின் சதை வழியாகக் கழுகின் சிறுநீரகத்தைக் கொன்றது என்று 2004இல் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். 2006இல் இந்தியா அந்த மருந்தை மாட்டுக்குப் போடத் தடை விதித்தது. கழுகின் உடம்பு வேறு, நம் உடம்பு வேறு. கழுகைக் கொல்லும் அளவு நம்மைக் கொல்லாது. ஆனால் இந்த மருந்து எந்த உறுப்பில் கை வைக்கும் என்பதை அந்தப் பறவைகள் உயிரைக் கொடுத்துச் சொல்லிவிட்டுப் போயிருக்கின்றன.

2019 ஜூனில் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை ஒரு புலனாய்வை வெளியிட்டது. தமிழ்நாட்டின் ஆடைத் தொழிலில் உழைக்கும் ஏறத்தாழ 100 பெண்களிடம் பேசியிருந்தார்கள். மாதவிடாய் வலி என்றால் வேலை இடத்திலேயே பெயர்ச்சீட்டு இல்லாத மாத்திரை கொடுக்கப்படுகிறது, வேலை நிற்கக் கூடாது என்பதற்காக. அதுதான் அந்தப் பெண்கள் சொன்னது. என்ன மாத்திரை? தெரியாது. என்ன பின்விளைவு? யாரும் சொல்லவில்லை. மாத்திரையைக் குறை சொல்லி நான் பேசவில்லை. தெரியாமல் விழுங்க வைப்பதைத்தான் சொல்கிறேன்.

இங்கே மறுபடி பால் பிராண்டை அழைக்கிறேன். 1966இல் அவர் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். அங்கே ஒரு பெரிய முயற்சி. வலியை இழந்தவர்களுக்குச் செயற்கை வலி செய்து கொடுக்க நினைத்தார். உணர் கருவிகள் வைத்த கையுறை. அழுத்தம் மிஞ்சினால் எச்சரிக்கை ஒலி. ஒலிக்கு யாரும் மதிப்பு கொடுக்கவில்லை. விளக்கு வைத்தார்கள், அதற்கும் மதிப்பில்லை. கடைசியில் மின்னதிர்ச்சியே கொடுத்தார்கள். என்ன நடந்தது தெரியுமா? முடிக்க வேண்டிய வேலை கையில் இருந்தால், கருவியை அணைத்துவிட்டு வேலையை முடித்தார்கள். முடித்த பிறகு மறுபடி போட்டுக்கொண்டார்கள்! ஆண்டுக்கணக்கான உழைப்புக்குப் பிறகு பிராண்ட் அந்தத் திட்டத்தைக் கைவிட்டார். அவர் கற்ற பாடம் இது. அணைக்கும் சுவிட்ச் கையில் இருந்தால், வேலை நெருக்கும்போது மனிதன் அணைத்துவிடுவான்.

சகோதரிகளே, சகோதரர்களே, அந்த சுவிட்ச்தான் இன்று காகிதத்தில் மடித்து நம் கைக்கு வருகிறது. தொழுநோயால் விளக்கை இழந்தவர்கள் பாவம், வேறு வழியில்லை. நல்ல விளக்கோடு பிறந்த நாம், பீஸ் ரேட்டுக்காக அதை நாமே அணைக்கிறோம்.

வலியைத் தீர்க்கவே கூடாது என்கிறேனா? ஒருபோதும் இல்லை. புற்றுநோயின் கடைசி நாட்களில் துடிக்கிறவருக்கு இன்னும் என்ன எச்சரிக்கை வேண்டும்? அவருக்குத் தேவை மார்ஃபின். மருந்துக்கான அபினைச் சட்டப்படி விளைவிக்கிற நாடு நம்முடையது. ஆனாலும் 1985இன் போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் நம் நோயாளிகளுக்கே அது கிடைக்காமல் இருந்தது. கேரளத்தின் மருத்துவர் எம்.ஆர். ராஜகோபாலும் அவரோடு நின்றவர்களும் ஆண்டுக்கணக்கில் போராடியதால், 2014இல் சட்டம் திருத்தப்பட்டது. காரணம் தெரிந்த வலியைத் தணிப்பது மருத்துவம். காரணத்தைத் தேடாமல் வலியை மட்டும் அணைப்பதுதான் ஆபத்து.

என் அம்மாவைப் பற்றிச் சொல்லி இதை விளக்குகிறேன். காலையிலிருந்து இரவு வரை சின்னக் கத்தரியால் பிசிர் வெட்டுவார். ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் தடவை அந்தக் கட்டை விரல் மடங்கி நிமிர்ந்திருக்கும்! ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து, தெர்மாமீட்டரை உதறுவது போல வலது கையை உதறுவார். ‘என்னம்மா?’ என்றால், ‘கை மதமதங்குது கண்ணு, நீ தூங்கு’ என்பார். காலையில் மாத்திரை, வேலை. ஆறு வருஷம் அப்படியே போனது. பிறகு சொம்பு கையிலிருந்து நழுவ ஆரம்பித்தது. மல்லிகைப் பூக் கட்ட முடியவில்லை. கட்டை விரலின் அடிச்சதை வற்றிப் பள்ளமாகிவிட்டது.

அப்போதுதான் அரசு மருத்துவமனையில் ஒரு மருத்துவர், ‘மருந்து எழுதுவதற்கு முன்னால் சொல்லுங்க, எந்த விரல் மதமதக்குது?’ என்று கேட்டார். கட்டை விரல், ஆள்காட்டி, நடுவிரல். சுண்டு விரல் இல்லை. அந்த ஒரு பதிலில் நோய் பிடிபட்டது. மணிக்கட்டில் ஒரு குறுகிய சுரங்கம் இருக்கிறது. ஒன்பது தசைநாண்களும் ஒரு நரம்பும் அதற்குள் போகின்றன. ஓயாத வேலையில் உள்ளே வீங்கினால் நரம்பு நசுங்கும். தொடக்கத்திலேயே தெரிந்திருந்தால் இரவில் மணிக்கட்டுக்கு ஒரு பட்டையும் வேலையில் ஒரு மாற்றமும் போதுமாக இருந்திருக்கும். ஆறு வருஷம் கழித்துத் தெரிந்ததால் அறுவை சிகிச்சை செய்தார்கள். வலி போனது. வற்றிய சதை திரும்ப வரவில்லை. விளக்கு ஆறு வருஷம் எரிந்தது. நாங்கள் ஆறு வருஷமும் பல்பைக் கழற்றிக்கொண்டிருந்தோம்.

எந்த விரல் என்ற ஒரு கேள்வி. எப்படி வலிக்கிறது என்ற ஒரு சொல். அதற்குள் இவ்வளவு இருக்கிறது. கதவைக் கண்டுபிடித்த மெல்சாக், நோயாளிகள் வாயில் வருகிற வலிச் சொற்களைச் சேகரித்து, 1975இல் 78 சொற்களை 20 தொகுதிகளாகப் பிரித்து ஒரு கேள்வித்தாள் செய்தார். உலகெங்கும் அதைப் பயன்படுத்துகிறார்கள். நமக்குச் சொல் பஞ்சமா? குத்தல், குடைச்சல், கடுப்பு, உளைச்சல், எரிச்சல், இழுப்பு, பிடிப்பு, தெறிப்பு, திமிர், மதமதப்பு. எரிச்சலும் மதமதப்பும் சுரீர் என்ற தெறிப்பும் சேர்ந்து வந்தால் நரம்பைப் பார்க்கச் சொல்கின்றன. அசைந்தால் கூடுகிற பிடிப்பு தசையைப் பார்க்கச் சொல்கிறது. மருத்துவரிடம் ‘வலிக்குதுங்க’ என்று நிறுத்திவிடாதீர்கள். எங்கே, எப்போது, எப்படி, எதைச் செய்தால் கூடுகிறது என்று சொல்லுங்கள். உங்கள் பேச்சுமொழி முதல் பரிசோதனை.

அறுந்த நூல் பெரும்பாலும் வேலை இடத்தில்தான் இருக்கிறது. இதை 1700ஆம் ஆண்டிலேயே இத்தாலியின் ராமஸினி என்ற மருத்துவர் எழுதினார். தையற்காரர்களின் முதுகையும் மரத்துப் போகிற காலையும் பற்றி அன்றே பேசியவர் அவர். நோயாளியிடம் ‘உன் தொழில் என்ன?’ என்று கேளுங்கள் என மருத்துவர்களுக்குச் சொன்னவரும் அவரே. நின்று வேலை செய்வோருக்கு, கிடைக்கிற இடைவெளியில் உட்கார இருக்கை தர வேண்டும் என்று நம் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 44ஆம் பிரிவிலேயே எழுதினார்கள். கடைகளில் நிற்கிறவர்களுக்காகத் தமிழ்நாடு 2021இல் சட்டத் திருத்தம் செய்தது. ஒரு நாற்காலிக்கு எத்தனை சட்டம்! எத்தனை செக்கிங் டேபிளுக்குப் பக்கத்தில் அந்த நாற்காலி இருக்கிறது?

தொழில் நடத்தும் பெரியோர்களிடம் கேட்கிறேன். மெஷினுக்கு எண்ணெய் விடுகிற அக்கறையில் பாதி போதும். முதுகு சாய ஒரு நாற்காலி. ஆளுக்கேற்ற உயரத்தில் மேசை. மணிக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் எழுந்து நிமிர ஒரு மணியோசை. பயமில்லாமல் தண்ணீர் குடிக்கவும், பயமில்லாமல் கழிவறை போகவும் அனுமதி. பெயர் இல்லாத மாத்திரை எதுவும் கம்பெனிக்குள் வரக்கூடாது என்ற உறுதி. நூல் அறுந்தால் மெஷினை நிறுத்துகிறீர்களே, அந்த நீதியை ஆளுக்கும் கொடுங்கள்.

உழைக்கும் என் உறவுகளிடம் கேட்கிறேன். இரவில் கை மரத்தால், காலில் வலு குறைந்தால், மாத்திரை இல்லாமல் வாரம் ஓடவில்லை என்றால், அது பொறுத்துப் போகிற வலி அல்ல. ஈ.எஸ்.ஐ. அட்டை பீரோவில் தூங்குவதற்கல்ல. மாத்திரை வாங்கினால் பெயர் அச்சிட்ட மாத்திரை அட்டையோடு வாங்குங்கள், அந்தப் பெயரைப் படியுங்கள், சாப்பிட்ட வயிற்றில் தண்ணீரோடு போடுங்கள், மூன்று நாளுக்கு மேல் தேவைப்பட்டால் மருத்துவரைப் பாருங்கள்.

நாளை திங்கட்கிழமை. காலையில் சங்கு ஊதும், கம்பெனி வேன் வரும், மெஷின்கள் ஓடத் தொடங்கும். பக்கத்து டேபிளில் ஓர் அக்கா கையை உதறிக்கொண்டிருப்பார். பையிலிருந்து மாத்திரையை எடுத்து நீட்டாதீர்கள். ‘எந்த விரல் மதமதக்குதுங்க அக்கா? எத்தனை நாளா?’ என்று கேளுங்கள். அந்தக் கேள்வி ஆறு வருஷம் முன்னதாகவே வந்திருந்தால், என் அம்மா இன்றைக்கும் பூக் கட்டிக்கொண்டிருப்பார்.